எடிட்டருக்கும் தெரியட்டும் திட்டத்தின் விதி

நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் காட்டுவதோ முந்நூறு வரி மாற்றம். கோப்பு முழுவதும் டேப் கொண்டு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தது. உங்கள் எடிட்டர் அத்தனையையும் ஸ்பேஸாக மாற்றிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். சரிபார்ப்பவர் இனி அந்த முந்நூறில் உண்மையான திருத்தத்தைத் தேட வேண்டும்.

இதனால்தான் பலர் சேர்ந்து எழுதும் திட்டங்கள் எழுதும் முறைக்கு விதி வகுக்கின்றன. லினக்ஸ் கெர்னலில் உள்தள்ளலுக்கு டேப். அதன் அகலம் 8 எழுத்து. மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் நிரலையே திருத்த வேண்டும் என்கிறது அதன் கையேடு. பைத்தானுக்கு 2001இல் வந்த பெப் 8 வழிகாட்டி, 4 ஸ்பேஸும் வரிக்கு 79 எழுத்தும் போதும் என்கிறது. காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் வேலை செய்பவர் எடிட்டர் அமைப்பை ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

அந்த வேலையை ஏற்பதுதான் எடிட்டர்கான்ஃபிக். திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் இதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, சிறு உரைக்கோப்பை வைத்தால் போதும். டேப்பா ஸ்பேஸா, எத்தனை எழுத்து அகலம், வரி முடிவு லினக்ஸ் முறையா விண்டோஸ் முறையா, வரிக்கடைசி வெற்றிடத்தை நீக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். நிரலைத் திறந்ததும் எடிட்டர் அதே கோப்புறையில் தொடங்கி மேல்நோக்கித் தேடும். 'இதுவே வேர்' என்று குறித்த கோப்பைக் கண்டதும் நிற்கும். நியோவிம், இன்டெல்லிஜே போன்றவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விஎஸ் கோடுக்கு ஒரு நீட்சியை நிறுவ வேண்டும்.

கோப்பு வகைக்கேற்ப விதிவிலக்கும் எழுதலாம், எழுதவும் வேண்டும். மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் வைத்தால் பிழை வரும். மார்க்டவுனில் வரிக்கடைசியில் உள்ள இரண்டு ஸ்பேஸ் வரியை முறிக்கும். அதை நீக்கினால் அடுத்த வரி ஒட்டிக்கொள்ளும்.

அடைப்புக்குறியை எங்கே வைப்பது, நீண்ட வரியை எங்கே மடக்குவது என்பதெல்லாம் எடிட்டர்கான்ஃபிக்கின் வேலை அல்ல; அதற்கு கிளாங்-ஃபார்மேட், பிளாக் போன்ற தனிக் கருவிகள் உள்ளன.

புதுத் திட்டம் என்றால் முதல் கமிட்டிலேயே எடிட்டர்கான்ஃபிக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். பழைய திட்டம் என்றால் உள்தள்ளலைச் சீராக்குவதைத் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள். பிழைத்திருத்தத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.