ஹெவி லைசென்ஸ் வந்தாச்சு... முதல் சாவியை யாரிடம் வாங்குவது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் விடியற்காலை ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மாவோ அக்காவோ சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அப்பா டேனரியில் வேலை பார்ப்பார், இல்லையென்றால் பார்த்தவராக இருப்பார். 'இந்த உப்புத் தண்ணி நம்மோட போகட்டும், பையனாவது வேற வேலைக்குப் போகட்டும்' என்று நினைக்கும் வீட்டில், பையன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறான்.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "தம்பி, வண்டி சும்மா நிக்குது. நாளைக்கே வந்து எடுத்துக்கோ!" டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அதனால் வேலை கிடைப்பது பெரிய விஷயமில்லை. எந்த வேலையை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வருடத்தில் ஒரு டிரைவருக்கு வரும் பழக்கம் கடைசிவரை கூட வரும். முதல் வருடத்தில் வாங்கும் கடனும் அப்படித்தான்.

லைசென்ஸ் சொல்வதும் சொல்லாததும்

லாரி ஓட்ட குறைந்தபட்ச வயது 20. அதற்கு முன் ஒரு வருடமாவது இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும்.

மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சி என்பது 6 வாரங்களில் 38 மணி நேரம். இந்த 38 மணி நேரத்தில் வண்டியை ஓட்டக் கற்கலாம். லோடை ஓட்டக் கற்க முடியாது. ஈரமான உப்புத் தோல் ஏற்றிய வண்டி வளைவில் எப்படிச் சாயும், பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் அடித்தால் உள்ளே இருக்கும் திரவம் எப்படி முன்னால் தள்ளும், தார்ப்பாயை எங்கே இழுத்துக் கட்டினால் மழைத்தண்ணீர் இறங்காது... இதெல்லாம் ரோட்டில், ஒரு மூத்த டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வரும்.

எனவே முதல் கேள்வி 'சம்பளம் எவ்வளவு?' அல்ல. 'முதல் ஒன்றிரண்டு மாதம் பக்கத்தில் யார் உட்காருவார்?' என்பதுதான். முதல் நாளே தனியாகச் சாவியைக் கொடுத்து, "போயிட்டு வா, பழகிடும்" என்று சொல்லும் இடம், உங்கள் மேல் நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சின்ன வண்டியில் ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. 'குட்டி யானை'யிலும் மினி லாரியிலும் ஊருக்குள் லெதர் கட்டு, ஷூ அப்பர் பெட்டி ஏற்றி ஒரு வருடம் ஓட்டியவருக்கு, பெரிய வண்டியில் ஏறும்போது பாதி பயம் போயிருக்கும்.

நம் பக்கத்தில் யார் யார் வேலை கொடுக்கிறார்கள்?

ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள்: பெரும்பாலும் முன்னாள் டிரைவர்கள். வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவர்களுக்குத் தெரியும். தொழில் கற்க நல்ல இடம். ஆனால், வண்டிக்குத் தவணை கட்ட முடியாத மாதத்தில் முதலில் தள்ளிப்போவது டிரைவர் சம்பளம்தான்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள், பார்சல் சர்வீஸ்கள்: புக்கிங் ஆபீஸ், மேனேஜர், டிரிப் ஷீட் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். வழி தெரிந்த வழி, நேரம் தெரிந்த நேரம். புதியவருக்குப் பொருத்தமானவை இவைதான். சென்னை பெரியமேட்டுத் தோல் சந்தை வரை போய்த் திரும்பும் லோடு, இரவு வீடு வந்து படுக்கும் வேலை.

கன்டெய்னர் டிரெய்லர்: ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து ஷூவும் லெதரும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகின்றன. காசு நன்றாக இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால், டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை. முதல் வண்டியாக இது வேண்டாம்.

வெளிமாநில லாரி: கான்பூர், கொல்கத்தா பக்கமிருந்து தோல் வரும், கெமிக்கல் வரும். பாதை, மொழி, சாப்பாடு எல்லாமே மாறும். இரண்டாவது டிரைவராகப் போவதாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது; 2018-ல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

கம்பெனி வண்டி: டேனரி அல்லது ஷூ கம்பெனியின் சொந்த வண்டி. சம்பளம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

'மாசம் முப்பதாயிரம்' என்றால் எப்படி?

சம்பளப் பேச்சில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'டிரிப்புக்கு 1,500 ரூபாய், மாசம் 20 டிரிப், 30,000 ரூபாய் கையில்' என்கிறார் ஒருவர். துறைமுக வாசலில் வரிசையில் நின்று, கம்பெனியில் லோடு ரெடியாகக் காத்திருந்து, மாதம் 11 டிரிப்தான் அடிக்க முடிந்தது என்றால் கையில் வருவது 16,500. இன்னொருவர் 'மாதம் 17,000, ஓடும் நாளுக்கு 300 படி' என்கிறார். 24 நாள் ஓடினால் 24,200. சின்னதாகத் தெரிந்த சம்பளம்தான் பெரிய சம்பளம்!

அதனால் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, வண்டி நிற்கும் நாளுக்கு என்ன? டீசல், டோல், பஞ்சர், ஏற்றுக்கூலி இவையெல்லாம் யார் கணக்கு என்பதையும் கேளுங்கள். பள்ளிகொண்டா டோலும் வாணியம்பாடி டோலும் ஃபாஸ்டேக்கில் போய்விடும். ஆனால், வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தில் கணக்கு இடித்தால், அது உங்கள் சம்பளத்தில் கழியும். ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொரு டிரிப்பையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'தங்கச்சி கல்யாணமா? ஐம்பதாயிரம் வாங்கிக்கோ' என்று சேரும் நாளிலேயே நீட்டுவது பாசமாகத் தெரியும். அந்தக் கடன் தீரும்வரை ஓவர்லோடு ஏற்றச் சொன்னாலும், தூங்காமல் ஓட்டச் சொன்னாலும் வாயைத் திறக்க முடியாது. ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸில் கொடுத்து வைக்கச் சொன்னாலும், வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டாலும், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். "நகல் தர்றேன் பாய், ஒரிஜினல் என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல முதலாளி அதற்குக் கோபப்பட மாட்டார்.

எடை மேடையில் தெரியும் முதலாளியின் குணம்

மூன்று ஆக்சில் கொண்ட பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-ல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட சட்டம். மூன்று டன் அதிகம் என்றால் 26,000 ரூபாய். ஏற்றச் சொன்னவரை மட்டுமல்ல, ஓட்டியவரையும் இந்தப் பிரிவு பிடிக்கும்.

ஈரமான உப்புத் தோலில் கண்ணால் எடையைக் கணிக்க முடியாது. எனவே, 'லோடு ஏறியதும் எடை போட்டுச் சீட்டு தருவீர்களா?' என்று முன்பே கேளுங்கள். இழுத்தடிக்கும் பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

வண்டியையும் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். இரண்டில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் அந்த வண்டியில் ஏறாதீர்கள். பாலிசியில் சம்பள டிரைவருக்கான கவர் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு, சம்பளத்துக்கு ஓட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

தோல் பகுதியில் மட்டும் இருக்கும் ஆபத்து

டேனரிகளுக்குச் சோடியம் சல்பைடும் வரும், அமிலமும் வரும். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இனி பயமில்லை' என்று நினைக்கும் அந்த நொடிதான் உயிரைக் குடிக்கும்.

அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனியாக 3 நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு 3 வருடத்துக்குத்தான் செல்லும். வண்டியில் எமர்ஜென்சி தகவல் பலகை இருக்க வேண்டும். என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். இவை இல்லாமல் 'சும்மா பவுடர் மூட்டைதாம்பா' என்றால் ஏற்றாதீர்கள். சல்பைடையும் அமிலத்தையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னால், கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கழிவுநீர், சேறு ஏற்றும் டேங்கருக்கு இன்னொரு விதி. டிரைவர் வேலை ஸ்டீயரிங்கோடு முடிகிறது. தொட்டிக்குள் ஹோஸ் சிக்கினாலும், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும், பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் நம் பக்கத்தில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. லோடுக்காகக் காத்திருக்கும் இரவில், தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள்.

தூக்கத்தை விற்காதீர்கள்

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று சொல்லிவிட்டது. ரோட்டில் நடப்பது வேறு. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து சென்னை அதற்கும் குறைவான தூரம்தான். அப்படியிருந்தும் அவசரம் என்றால், அது சட்டத்தின் அவசரம் அல்ல, லோடு கொடுத்தவரின் அவசரம்.

நள்ளிரவு 2 மணியிலிருந்து 5 மணிக்குள் கண் சொருகினால், டீயோ வெற்றிலையோ காப்பாற்றாது. ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குவதுதான் மருந்து. 'தூக்கம் வந்தா வண்டியை நிறுத்து, லேட்டானா நான் பேசிக்கறேன்' என்று சொல்லும் முதலாளி கிடைத்தால், ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் அங்கேயே இருங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். ஆனால், உங்களுக்கு முதலில் கிடைப்பது பழைய வண்டியாகத்தான் இருக்கும். வேலூர் வெயிலில் பகல் முழுக்க ஓட்டியவரை இரவிலும் அனுப்புகிறார்களா என்று, அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களிடம் விசாரியுங்கள்.

சேரும் முன் 7 கேள்விகள்

1. முதல் மாதம் என்னோடு மூத்த டிரைவர் வருவாரா?
2. சம்பளம், படி, காத்திருப்புக் காசு தனித்தனியாக எவ்வளவு? எந்தத் தேதியில்?
3. எடைச் சீட்டு தருவீர்களா? அபராதம் வந்தால் யார் கட்டுவது?
4. எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? டிரைவர் கவர் உண்டா?
5. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? (பொதுவாக 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப்.)
6. வழியில் வண்டி நின்றால் நள்ளிரவில் யாருக்குப் போன் செய்வது?
7. இதற்கு முன் இந்த வண்டியை ஓட்டியவர் ஏன் விலகினார்?

ஏழாவது கேள்விக்கான பதிலை முதலாளியிடம் மட்டுமல்ல, அந்த டிரைவரிடமும் கேளுங்கள். டீக்கடையிலோ பட்டறையிலோ அவர் எப்படியும் கிடைப்பார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

சின்ன முதலாளியிடம் சேர்ந்தால் பி.எஃப். எதிர்பார்க்க முடியாது. அதற்காக வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் நலத்துறையின் கீழ் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நலவாரியம் இருக்கிறது. மகன் பெயரைப் பதிவுசெய்யுங்கள். வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. ஒரு படிவம்தான் வேலை.

இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். விபத்து நடந்துவிட்டால் வண்டியைவிட்டு ஓடி ஒளியக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும் தகவல் சொல்வதும் டிரைவரின் சட்டக் கடமை.

அப்புறம், போன். ஓட்டும்போது வீட்டிலிருந்து கூப்பிடாதீர்கள். 'டோல்ல நிக்கும்போது நீயே கூப்பிடு' என்று சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு "பள்ளிகொண்டா தாண்டிட்டேம்மா, இன்னும் ஒரு மணி நேரம்" என்று அவன் குரல் கேட்டால் போதும். அந்த போன் தினமும் வரும் வேலைதான் நல்ல வேலை. சம்பளம் இரண்டு வருடத்தில் தானாக ஏறும்.