முந்தானை முடிச்சு

கொத்தவால்சாவடி சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை சென்னை ஜார்ஜ் டவுன் பிளாட்பாரங்களில் குடியிருந்தவர்களுக்குப் பிழைப்பு காலடியிலேயே கிடந்தது. விடிகாலை லாரி வந்து நின்றால் புருஷன் மூட்டை தூக்கப் போவார். பெண்டாட்டி சிந்திய வெங்காயத்தைப் பொறுக்கி, தோல் நீக்கி, கூறு கட்டி விற்பாள். கைக்குழந்தை, கடை ஷட்டருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே கட்டிய சேலைத் தூளியில் தூங்கும். தூளியை ஆட்டுவது மூத்த பெண். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் ஆட்டுவது யார்?

ராத்திரிதான் பயம். தவழும் பிள்ளை ரோட்டுக்கு உருண்டுவிடாமல் அதன் காலோடு தன் முந்தானையை முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அசைந்தால் அம்மா விழித்துக்கொள்வாள். அதாவது, அவள் தூங்கவே மாட்டாள்.

அப்போது அரசாங்கம் என்றால் கார்ப்பரேஷன் லாரி. அடுப்பு, குடம், துணிமூட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். குடத்தை மறுபடி வாங்கலாம்; மூட்டைக்குள் இருந்த ரேஷன் கார்டுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் எங்கே போவது? பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985இல், உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. லாரிக்காரர்களுக்கு அகற்றலாம் என்பது மட்டுமே காதில் விழுந்ததுபோல.

இன்று நிலைமை அப்படியே இல்லை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது, வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களை வைத்துக் காப்பகங்கள் நடத்துகிறது. பாய், விளக்கு, கழிப்பறை, தாழ்ப்பாள் உள்ள கதவு. பிளாட்பாரத்தில் படுத்தவர்களைக் கேட்டால் தெரியும், தாழ்ப்பாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் என்று பிரித்தவை. அம்மாவும் கைக்குழந்தையும் ஒரு கட்டடத்தில், அப்பா வேறெங்கோ, மீசை அரும்பும் பையன் இன்னோரிடத்தில். இப்படிச் சிதறுவதற்கு ஒரே தார்ப்பாயின் கீழ் நெருக்கிப் படுப்பதே தேவலை என்று திரும்பிவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் பாடு கொஞ்சம் தேவலை. அங்கன்வாடி இருக்கிறது, அரசு தொடக்கப் பள்ளியில் 2022இல் தொடங்கிய காலை உணவு இருக்கிறது. வீடும் சிலருக்குக் கிடைத்திருக்கிறது, பெரும்பாக்கத்தில், எட்டு மாடிக் கட்டடத்தில். ஜார்ஜ் டவுன் பாரிமுனையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வேலையோ இன்னும் பூக்கடைப் பக்கம்தான், விடியுமுன் பூ கட்டுவது. முதல் பஸ் வந்து சேர்வதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்தை நடு வருஷத்தில் மாற்றினால் பிள்ளை அதோடு நின்றுவிடுவதும் உண்டு.

அதனால் வாரநாட்களில் பழைய பிளாட்பாரத்திலேயே படுத்துக்கொண்டு, லீவு நாளில் மட்டும் வீட்டுக்குப் போய் வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. தூளி அதே கம்பத்தில் ஆடுகிறது. அம்மாவின் முந்தானை முடிச்சில் பெரும்பாக்கத்து வீட்டுச் சாவி.