முதல் நாளே ஆயத்தமாகும் சால்மன் சிற்றுண்டிகள்

விருந்துக்கு அழைத்தவர் விருந்தினருடன் அமர்ந்து பேச இயலாமற்போவது நம் வீடுகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மாலை ஏழு மணிக்கு மணியோசை கேட்கத் தொடங்கும்போது வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். முதல் தட்டு போண்டா கூடத்திற்குச் செல்லும், அடுத்த தட்டுக்காகக் குரல் வரும். இவ்வாறு இரண்டு மணி நேரம் கழியும். பெரும்பாலும் வீட்டின் பெண்மணிதான் அந்த இரண்டு மணி நேரத்தையும் அடுக்களையில் கழிக்கிறார். பெங்களூருவின் அடுக்குமாடி வீடுகளில் பதினைந்து பேரை அழைத்துச் சிறு விருந்து நடத்தும் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில், அடுப்பை மூட்டாமல் பரிமாறத்தக்க தொடக்கச் சிற்றுண்டி எது என்ற கேள்விக்கு விடையாக ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். அது புகையூட்டிய சால்மன். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நட்சத்திர விடுதிகளின் காலைச் சிற்றுண்டி மேசையில் மட்டும் காணப்பட்ட இம்மீன், இப்போது நகரின் பெரிய கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் உறைநிலைப் பொட்டலமாகக் கிடைக்கிறது.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ வேறு மீன்கடையிலோ ‘இந்தியன் சால்மன்’ என்று கேட்டால் கிடைப்பது நம் கடலின் காலா மீன். மும்பைப் பக்கத்தில் அதனை ‘ராவஸ்’ என்பர். சுவையான மீன்தான், ஆயினும் அது சால்மன் இனத்தைச் சேர்ந்ததன்று. உண்மையான சால்மன் குளிர்நீர் மீன். நார்வே போன்ற நாடுகளில் கடல்நீரில் கூண்டமைத்து வளர்க்கப்பட்டு நமக்கு இறக்குமதியாகிறது. இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை, சமைக்கும் முறையையும் மாற்றுகிறது என்பதால் இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

பொட்டலத்தில் மெல்லிய ஏடுகளாக வரும் சால்மன் பெரும்பாலும் ‘குளிர்புகை’ முறையில் ஆயத்தமானது. மீனை உப்பில் ஊறவைத்து, நீர் வற்றச் செய்து, ஏறக்குறைய 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத புகையில் பல மணி நேரம் வைக்கின்றனர். இதனால் உப்பும் மணமும் மீனில் ஏறுகின்றன, மீன் வேகுவதில்லை. பட்டுப்போன்ற அதன் மென்மைக்குக் காரணமும் இதுவே. ஐரோப்பாவின் வடபகுதியில் குளிர்காலத்திற்காக மீனைக் காத்துவைக்க எழுந்த பழைய உத்தி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லண்டனுக்குக் குடியேறிய யூதர்கள் இத்தொழிலை அந்நகரின் கிழக்குப் பகுதிக்குக் கொண்டுவந்தனர். 1905ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பட்ட ஃபோர்மன் நிறுவனம் இன்றும் சால்மனுக்குப் புகையூட்டி வருகிறது. ஏழைக் குடியேறிகளின் தொழில் செல்வர் மேசைக்குச் சென்ற வரலாறு இதற்குண்டு.

நமக்கும் புகைமீன் புதியதன்று. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கல்போல உலர்த்தி எடுப்பதே மாசிக்கருவாடு. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளிலும் இலங்கைத் தமிழர் வீடுகளிலும் மாசிச் சம்பல் இல்லாத அடுக்களை அரிது. சால்மனுக்குச் செலவிட மனமில்லாதோர் மாசியை இடித்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, சிறு தட்டைகளின்மேல் வைத்துப் பரிமாறலாம். எங்கள் கருத்தில் இது சால்மனுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

சால்மனுடன் உலகெங்கும் இணைத்துப் பேசப்படும் கீரை ஒன்றுண்டு. ஸ்காண்டிநேவிய நாட்டினர் அதனை இல்லாமல் இம்மீனை உண்ணமாட்டார்கள். அக்கீரைக்காகப் பெங்களூருவாசிகள் எந்த உயர்தரக் கடைக்கும் செல்ல வேண்டியதில்லை. கன்னடத்தில் ‘சப்பசிகே சொப்பு’ என்று தள்ளுவண்டியில் கட்டுக்கட்டாக விற்பதும், நம் நாட்டு மருத்துவம் சதகுப்பை என்று அறிந்துவைத்திருப்பதும் அதுவே. அக்கி ரொட்டியிலும் வடையிலும் இந்நகரத்தார் அள்ளிப் போடும் இக்கீரை, தமிழ்நாட்டுச் சந்தைகளில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. இவ்வகையில் சால்மன் விருந்துக்குப் பெங்களூரு பொருத்தமான ஊர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பதினைந்து விருந்தினரில் பத்துப் பேர் மீன் உண்பவர் எனக் கொள்வோம். உணவுக்கு முன் ஒருவருக்கு நான்கு துண்டுகள் போதும். ஒரு துண்டுக்கு 8 கிராம் மீன் என்று கணக்கிட்டால் 200 கிராம் பொட்டலத்தில் 25 துண்டுகள் கிடைக்கும். இரண்டு பொட்டலங்கள் தாராளமாகப் போதுமானவை. அதே பொட்டலத்தை ஏடுகளாகவே தட்டில் அடுக்கினால் நான்கைந்து பேருக்குள் தீர்ந்துவிடும். விலை மிகுந்த பொருளைச் சிறு துண்டாக வேறொன்றின் மேலேற்றிப் பரிமாறுவது செலவைக் காக்கிறது. மீன் உப்பு மிகுந்தது என்பதால் நாவுக்கும் அதுவே இதம்.

அடிப்படையாக வேண்டுவது வடிதயிர். மேலைநாட்டார் பயன்படுத்தும் பாலாடைக் குழைவு கனமானது, அதற்கு மாற்றாகத் தயிர் இலேசானது. ஒரு லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரமிட்டு இரவு முழுதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுக. காலையில் 350 முதல் 400 கிராம் வரை வெண்ணெய்போன்ற தயிர் கிடைக்கும். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். இதனுடன் பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரை, துருவிய எலுமிச்சைத் தோல், மிளகுத்தூள் சேர்க்கவும். உப்புச் சேர்க்க வேண்டா. மீனில் உள்ளதே போதும். வெளிநாட்டுச் சமையற்குறிப்புகள் கேட்கும் கேப்பர் மொட்டுக்கு மாற்றாக, உப்புநீரில் ஊறிய மலைநாட்டுப் பச்சைமிளகைப் பொடியாக அரிந்து சேர்த்தால் இன்னும் சிறப்பாகவே அமையும்.

முதல் நாள் மாலை செய்து முடிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று சுருள். மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் சால்மன் ஏடுகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பரப்பி, வடிதயிர்க் கலவையை மெல்லியதாகப் பூசி, பாய்போல இறுக்கமாகச் சுருட்டித் தாளின் இரு முனைகளையும் முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். மறுநாள் அரைமணி நேரம் மட்டும் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் கூரிய கத்தியில் விரற்கணு அளவுத் துண்டுகளாக அழகாக நறுக்க வரும். மற்றொன்று குட்டித் தோசை. உருசியர்கள் பிளினி என்னும் சிறு தோசையின்மேல் இம்மீனை வைப்பர். நாம் இட்லி மாவுடன் சம அளவு கேழ்வரகு மாவும் சிறிது மோரும் கலந்து, இரண்டு விரல் அகலத்தில் தோசைக்கல்லில் பத்துப் பத்தாக வார்த்தெடுக்கலாம். ஆறியபின் துணி விரித்த டப்பாவில் மூடிவைத்தால் மறுநாள் வெறுங்கல்லில் ஒரு நிமிடம் காட்டினால் போதும். கேழ்வரகின் மண்வாசனை புகைமணத்துடன் எவ்வளவு பொருந்துகிறது என்பதை உண்டுதான் அறியவேண்டும்.

முதல் நாளில் செய்யவே கூடாதவையும் உண்டு. வெள்ளரித் துண்டுகளை முன்னதாக நறுக்கி அடுக்கினால் நீர் விட்டுத் தயிரைக் கரைத்துவிடும். விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நறுக்கி, நடுவிலுள்ள விதைக்குழைவைக் கரண்டியால் சிறிது அகற்றி, துணியில் ஒற்றி உலர்த்தி வைக்கவும். எலுமிச்சைச் சாற்றை மீனின்மேல் முன்பே பிழிந்தால் புளிப்பில் மீன் வெளுத்துச் சுருங்கும். பரிமாறும் கணத்தில் பிழிவதே முறை. தட்டை போன்ற மொறுமொறுப்பான பொருளின்மேல் தயிரைக் கால்மணி நேரத்திற்கு முன்னர்தான் வைக்கவேண்டும். சேலத்துத் தட்டுவடை செட்டும் பெங்களூரு விசுவேசுவரபுரத்து உணவுத் தெருவின் நிப்பட்டு மசாலாவும் கேட்டபிறகே அடுக்கித் தரப்படுவது இதனால்தான். நிப்பட்டு பயன்படுத்துவோர் உப்பும் காரமும் குறைந்ததாகத் தேர்ந்துகொள்க.

யாருக்குப் பரிமாறக் கூடாது?

இப்பகுதியை வாசகர் விரைந்து கடந்துவிட வேண்டா. குளிர்புகை சால்மன் வேகாத மீன். லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் இயல்புடையது. நலமுள்ள இளையோருக்கு அதனால் பெரும்பாலும் கேடில்லை. கருவுற்ற பெண்டிருக்கும் அவர்தம் கருவுக்கும், முதியோருக்கும், புற்றுநோய் மருத்துவம் போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் அது பேராபத்தாகலாம். இவர்கள் இம்மீனை அவ்வாறே உண்ணலாகாது என்பது பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் தரும் அறிவுரை. நம் வீட்டு விருந்துகளில் தாத்தா பாட்டியும், சீமந்தம் முடிந்த மகளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பர். வாயில் வைத்தபின் சொல்வதைவிடத் தட்டை நீட்டும்போதே “அம்மா, இது வேகாத மீன், உங்களுக்கு அந்தத் தட்டு” என்று சொல்லிவிடுவது நல்லது.

அந்த மற்றொரு தட்டில் என்ன இருக்கலாம்? சால்மனையே பொடியாக நறுக்கிப் பணியார மாவில் கலந்து குழிப்பணியாரமாக ஆவி பறக்க வார்த்தெடுத்தால் மீன் நன்கு வெந்துவிடும். அல்லது நாம் முன்னர் கூறிய காலா மீனுக்கு வீட்டிலேயே சூட்டுப்புகை ஊட்டலாம். முள் நீக்கிய அரைக்கிலோ துண்டங்களை உப்புநீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துடைத்தெடுக்கவும். கனமான இருப்புச்சட்டியில் அலுமினியத் தாளை விரித்து, இரண்டு கரண்டி அரிசி, இரண்டு கரண்டி நீலகிரித் தேயிலை, ஒரு கரண்டி சர்க்கரை இட்டு, மேலே கம்பித்தட்டு வைத்து மீனை அடுக்குக. புகை எழுந்ததும் இறுக மூடி, சிறுதீயில் கால்மணி நேரம் வைத்தால் விரற்கனத்துண்டு வெந்துவிடும். நடுப்பகுதி கண்ணாடிபோலத் தோன்றாமல் முழுதும் வெண்மையாகி ஏடேடாகப் பிரிவதே அடையாளம். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புகையுணர் கருவி பொருத்திய அடுக்ககங்களில் கூடுதல் கவனம் தேவை. உதிர்த்த மீனை வடிதயிருடன் பிசைந்தால் தோசைமேல் வைக்க ஏற்ற கலவை ஆயத்தம். கருவுற்றோர்க்கும் முதியோர்க்கும் எனில் அன்றன்றே செய்து தருக.

மரக்கறி உண்போருக்காகக் கேரட்டைத் தோலுடன் உப்பிட்டு வேகவைத்து, தோலுரித்து, நீள ஏடுகளாகச் சீவி, நடுவில் சிறு கிண்ணத்தில் கனன்ற கரித்துண்டு வைத்து, அதன்மேல் ஒரு துளி நெய்விட்டு மூடிவைத்தால் புகைமணம் ஏறிவிடும். வட இந்தியச் சமையலில் பழகிய உத்தி இது. நிறத்திலும் சால்மனையே ஒக்கும் என்பதால் இருதட்டுகளையும் வேறுபடுத்திக் காட்டப் பெயரட்டை வைப்பது இன்றியமையாதது. கத்தியும் பலகையும் தனித்தனியே இருக்கட்டும்.

பொட்டலத்தைக் கையாள்வதிலும் சில நெறிகள் உள்ளன. உறைந்த சால்மனைச் சமையல் மேடையில் வைத்து உருகவிடலாகாது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைக்கவேண்டும். காற்று நீக்கி அடைத்த உறையாயின், உருகவிடுமுன் உறையைப் பிரித்து வேறு மூடிய பாத்திரத்திற்கு மாற்றிவிடுக. காற்றில்லா உறைக்குள் வளரக்கூடிய நச்சுநுண்ணுயிர் ஒன்றினைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு. இதனைப் பலரும் அறிவதில்லை. உருகியதை மீண்டும் உறையவைக்க வேண்டா. பிரித்த மீனை இரண்டு, மூன்று நாட்களுக்குள் உண்டு முடிக்கவேண்டும். வாங்கும்போது உறைக்குள் பனித்துகள் கட்டியிருந்தால் அது வழியில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்ததாக இருக்கலாம். கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள இந்நகருக்கு மீன் வந்து சேரும் வழியும் நீண்டது. அத்தகைய பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடத் தயங்க வேண்டா. இணையவழியில் வாங்குவோர் விருந்துக்கு மூன்று நாட்கள் முன்பே வரவழைத்துப் பார்த்துக்கொண்டால், மாற்றி வாங்கவும் நேரமிருக்கும்.

விருந்தன்று எல்லாத் துண்டுகளையும் ஒருசேர மேசையில் அடுக்க வேண்டா. பாதியை எடுத்துவைத்து, பாதியைக் குளிர்பதனப் பெட்டியில் விட்டுவைக்கவும். பெங்களூருவின் மாலை இதமானதே ஆயினும், வெளியே வைத்த மீனுக்கு இரண்டு மணி நேரமே எல்லை; கோடையில் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம். அகன்ற தாம்பாளத்தில் பனிக்கட்டி பரப்பி அதன்மேல் தட்டை வைத்தால் குளிர்ச்சி நிலைக்கும். மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் உள்ளே குளிர் காக்கும்.

மணி ஆறரை ஆகும்போது செய்ய வேண்டியது சுருளை நறுக்குவதும், தோசையைக் கல்லில் காட்டுவதும், வெள்ளரித் துண்டின்மேல் தயிரும் மீனும் ஏற்றுவதும் மட்டுமே. பணியாரம் வார்க்க நினைத்தால் அதற்குக் கால்மணி கூடுதலாகும். இருவர் சேர்ந்தால் இருபது நிமிட வேலை. கீரைத்தளிரைக் கிள்ளி ஒவ்வொன்றின்மேலும் வைக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். அவர்கள் வைப்பதைவிட உண்பது மிகுதியாயிருக்கும் என்பதால் வெள்ளரிக்காயை இரண்டு கூடுதலாகவே வாங்கி வைக்கவும்.