இறைச்சிக் கால்நடை வாணிபத்தில் தரச்சான்றின் பங்கு

ஒரு பண்டத்தின் தரம் உயர வேண்டுமாயின், உயர்ந்த தரத்திற்குரிய விலை அதனை உண்டாக்குவோனைச் சென்றடைதல் வேண்டும். வாங்குவோர் தரத்தைக் கண்ணால் கண்டறிய இயலாதபோது இத்தொடர்பு அறுந்துவிடுகிறது. நல்ல சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலைக்குப் போகின்றன. இந்தியாவில் விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடுவதற்கென 1937-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. நெய், தேன் முதலிய பண்டங்களின் மீது காணப்படும் ‘அக்மார்க்’ முத்திரை அச்சட்டத்தின் வழி வந்ததே. உயிருள்ள விலங்கின் உள்ளே மறைந்திருக்கும் தரத்திற்குச் சான்று வழங்குவது இதனினும் கடினமான செயலாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இறைச்சிக் கால்நடைகளைப் பொறுத்து இது எவ்வாறு செய்யப்பட்டது, அதனால் வாணிபம் எவ்வாறு மாறியது என்பதை இங்குக் காண்போம்.

பட்டி விலையும் அதன் குறையும்

மாட்டிறைச்சியின் சுவையும் சாறும் பெருமளவிற்குத் தசையினுள் நுண்ணிய இழைகளாகப் படர்ந்திருக்கும் கொழுப்பைப் பொறுத்தவை. தோலுக்கடியில் படியும் கொழுப்பு வேறு. தசையின் உட்கொழுப்பு வேறு. முன்னதை விலங்கைத் தொட்டுப் பார்த்து ஓரளவு மதிப்பிடலாம். பின்னதை மாட்டை அறுத்து, 12-ஆம் 13-ஆம் விலா எலும்புகளுக்கிடையே முதுகுத் தசையை வெட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும்.

ஆயினும், மாடுகள் உயிருடனேயே விற்கப்பட்டு வந்தன. ஒரு பட்டியிலுள்ள மாடுகள் யாவற்றுக்கும் சராசரியாக ஒரே விலை பேசப்பட்டது. சிறந்த மாட்டின் உரிமையாளர் தமக்கு வர வேண்டிய தொகையின் ஒரு பகுதியை அறியாமலேயே மட்டமான மாட்டின் உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல பொலிகாளையை அதிக விலை கொடுத்து வாங்குவதில் அவருக்கு ஆதாயம் புலப்படவில்லை.

அரசின் வேளாண்மைத் துறை 1927-ஆம் ஆண்டிலேயே மாட்டிறைச்சியைத் தரப்படுத்தும் பணியைத் தொடங்கிற்று. ‘பிரைம்’ என்பது மிக உயர்ந்த தரம், அடுத்தது ‘சாய்ஸ்’. 1976-ஆம் ஆண்டில் இவ்விரு தரங்களுக்கும் வேண்டிய உட்கொழுப்பின் அளவு தளர்த்தப்பட்டது. இதன் விளைவாக ‘சாய்ஸ்’ என்னும் ஒரே பெயரின் கீழ் மிக வேறுபட்ட இறைச்சிகள் இடம்பெற்றன. பெயரை நம்பி வாங்கியோர் ஏமாற்றமடைந்தனர்.

இனச் சங்கத்தின் முயற்சி

ஆங்கஸ் என்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் தோன்றிய, கொம்பற்ற கருநிற இனம். 1873-ஆம் ஆண்டில் இது கான்சாஸ் மாநிலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆங்கஸ் வளர்ப்போர் சிலர், அரசுத் தரத்தினும் கடுமையான வரையறையும் தனிப்பெயரும் கொண்ட சான்றுத் திட்டம் ஒன்றை வேண்டினர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இறைச்சி அறிவியலாளர் பாப் வான்ஸ்டாவர்ன் வரையறைகளை வகுக்க உதவினார். அமெரிக்க ஆங்கஸ் சங்கத்தின் சார்பில் ‘சர்ட்டிபைடு ஆங்கஸ் பீப்’ என்னும் திட்டம் 1978-ஆம் ஆண்டில் தோன்றிற்று. மிக் கால்வின் அதன் முதல் தலைமை நிர்வாகி. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கொலம்பஸ் நகரக் கடையொன்றில் முதல் விற்பனை நடந்தது.

சான்று வழங்கும் முறை

இத்திட்டத்தை நடத்தும் அமைப்பு மாடுகளையோ இறைச்சியையோ வாங்கி விற்பதில்லை. பெயரைப் பயன்படுத்த உரிமம் வழங்கி, இறைச்சி நிறுவனங்களிடமிருந்து எடைக்கேற்ற கட்டணம் பெறுகிறது. சோதனை செய்பவர் அரசின் தர மதிப்பீட்டாளரேயன்றிச் சங்கத்தின் ஊழியர் அல்லர். இவ்வாறு பொருளின் உடைமையாளரும் சான்றளிப்பவரும் வெவ்வேறாக இருப்பதே நம்பிக்கைக்கு அடிப்படை.

முதற்கட்டமாக, தோலில் பெரும்பகுதி கருநிறமுள்ள மாடுகள் பிரிக்கப்படுகின்றன. பின்னர் உரித்த உடலில் உட்கொழுப்பு, விலங்கின் முதிர்ச்சி, முதுகுத் தசையின் பரப்பு, எடை, மேற்கொழுப்பின் தடிப்பு முதலியன ஆராயப்படுகின்றன. உட்கொழுப்பு ‘சாய்ஸ்’ தரத்தின் மேல் மூன்றில் இரண்டு பகுதியிலோ, அதற்கு மேலோ அமைந்திருத்தல் வேண்டும். முதுகுத் தசையின் பரப்பு 10 முதல் 16 சதுர அங்குலம் இருத்தல் வேண்டும். கழுத்துத் திமில் 2 அங்குலத்திற்கு மேற்படலாகாது. ஓங்கோல், கிர் முதலிய இந்திய இனங்களின் வழிவந்த பிராமன் கால்நடைகள் வெப்பத்தைத் தாங்குவனவாயினும், அவற்றின் இறைச்சி பொதுவாகச் சற்றுக் கடினமானது. அக்கலப்பு மிகுந்த விலங்குகளை விலக்குவதே திமில் விதியின் நோக்கம்.

விலைச் செய்தி பண்ணையை அடைதல்

பெயருக்கு மதிப்பு உயர்ந்ததும், தகுதி பெறும் மாடுகளுக்கு இறைச்சி நிறுவனங்கள் மிகை விலை தர முன்வந்தன. 1990-களில் பட்டி முழுமைக்கும் ஒரே விலை என்பதற்கு மாறாக, ஒவ்வோர் உடலின் தரத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் விலையிடும் முறை பரவியது. இதனால் வளர்ப்போருக்குப் பணத்துடன் செய்தியும் கிடைத்தது. எந்தப் பொலிகாளையின் கன்றுகள் தகுதி பெற்றன, எவை தவறின என்பதை அவர்கள் கணக்கிட்டறியலாயினர். உட்கொழுப்பு ஓரளவு நன்கு மரபுவழி இறங்கும் பண்பாதலால், சந்ததிக் கணிப்பைக் கொண்டு காளைகளைத் தெரிந்தெடுப்பது பயன் தந்தது.

2006-ஆம் ஆண்டளவில் சோதனைக்கு வந்த கருநிற மாடுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றே தகுதி பெற்றது. 2020-களில் இது மூன்றில் ஒன்று என்னுமளவிற்கு உயர்ந்தது. தேர்ந்த இனவிருத்தியோடு, நீடித்த தானியத் தீவனமும் இதற்குக் காரணமாகும். 2016-ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் ஓராண்டு விற்பனை 100 கோடி பவுண்டை, அதாவது சுமார் 45 கோடி கிலோகிராமைக் கடந்தது.

கருதத்தக்க குறைகள்

கருநிறத்திற்கு விலை கிடைத்ததும், சிம்மென்டால், லிமோசின் முதலிய பிற இனங்களும் ஆங்கஸ் கலப்பினால் கருநிறமாக்கப்பட்டன. கருநிறம் ஓங்கு பண்பாதலால், தாய் தந்தையருள் ஒன்றிடமிருந்து அதற்குரிய மரபணு கிடைத்தாலும் கன்று கருமையாகப் பிறக்கும். எனவே நிறம் தூய இனத்திற்கோ நல்ல இறைச்சிக்கோ சான்றாகாது. பின்னர் நடைபெறும் உடற்சோதனையே உண்மையான சான்று. மேலும், தனித்தனி விலையிடும் முறையில் இழப்பும் தனித்தனியே வருகிறது. கருத்த இறைச்சி, மிகுந்த மேற்கொழுப்பு, அளவு கடந்த எடை ஆகியவற்றிற்கு விலை கடுமையாகக் குறைக்கப்படும். சில மாடுகளே வைத்திருக்கும் சிறு வளர்ப்போருக்கு இரண்டு மூன்று மாடுகள் தவறினாலும் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும்.

பிற விளைபொருள்களைத் தரப்படுத்த முனைவோருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. முத்திரை இடுவதால் மட்டும் தரம் உயர்வதில்லை. அளந்தறியத்தக்க வரையறையும் சார்பற்ற சோதனையும் வேண்டும். அச்சோதனையின் முடிவு விலையோடு சேர்ந்து உற்பத்தியாளர் கையை எட்டவும் வேண்டும். தம் சரக்கு ஏன் தேறியது, ஏன் தவறியது என்பதை அறிந்த விவசாயியே அடுத்த பருவத்தில் அதனைத் திருத்திக்கொள்ள இயலும்.