நீலக்கண் நாய்க்குட்டி கேட்கிறானா உங்கள் மகன்?



சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து நண்பகல் ஒன்றில், நவி மும்பையில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஏழாவது மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தபோது, தாயார் குளியலறையைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே ஈரத் தரையில் வயிற்றைப் பரப்பி, நாக்கு வெளியே தொங்க, ஒரு ஹஸ்கி நாய் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தனர். மின்சாரம் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

“பாஸ்டர், ஆசையாய்த்தான் வாங்கினோம். இப்பொழுது அதன் முகத்தைப் பார்க்கவே மனம் தாங்கவில்லை” என்று அந்தச் சகோதரி கண்ணீர் விட்டார்கள்.

அந்த நாய் அன்று பிழைத்துக்கொண்டது. அடுத்த கோடைக்கு முன்பாக, மலைப்பிரதேசத்தில் தோட்டத்துடன் வாழும் ஒரு குடும்பத்தாரிடம் அதை ஒப்படைத்தார்கள். இளைய மகன் ஒரு வாரம் சரியாக உணவு உண்ணவில்லை. அன்றுமுதல், “எங்கள் பிள்ளை ஹஸ்கி கேட்கிறான், வாங்கலாமா?” என்று யார் கேட்டாலும் நான் அந்தக் குளியலறையையே நினைத்துக்கொள்கிறேன்.

எங்கிருந்து வந்த நாய்?

சைபீரியன் ஹஸ்கி, ரஷியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்களின் சந்ததி. இலேசான சுமையைப் பனிவண்டியில் ஏற்றி, நெடுந்தூரம் ஓய்வின்றி இழுத்துச் செல்வதே அதன் தொழில். 1908ஆம் ஆண்டில் இந்நாய்கள் அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. 1925ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அந்நகரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நாய் வண்டிகளே ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடந்து, ஆறு நாட்களுக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்தன. அந்தப் பயணத்தில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்தது டோகோ என்னும் ஹஸ்கி தலைமை தாங்கிய அணி.

சற்றே சிந்தியுங்கள். எந்த அழகைக் கண்டு நம் பிள்ளைகள் மயங்குகிறார்களோ, அந்த அடர்ந்த இரட்டை ரோமம் உறைபனியைத் தாங்குவதற்கென்று அமைந்தது. ஓயாத அந்தச் சுறுசுறுப்பு, முடிவில்லாத பனிவெளிக்கு உரியது. அதை நம் வீட்டுக் கூடத்திற்குள் அடைப்பதா என்பதே கேள்வி.

வெப்பம் என்ன செய்யும்?

மனிதன் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ச்சி அடைகிறான். நாயோ பெரும்பாலும் மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணிக்கிறது. நாவிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் குளிரும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. டெல்லியிலோ கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. “இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கும்” என்று விற்பவர்கள் சொல்லுவார்கள். அது ஓரளவே உண்மை; புழுக்கத்தில் மூச்சிரைப்பு பயனற்றுப்போனால் ரோமம் நாயைக் காப்பாற்றாது. அதற்காக ரோமத்தை முழுவதும் மழித்துவிடுவதும் தவறு. தோல் வெயிலில் புண்ணாகும். ரோமமும் முன்போல் வளராமற்போகலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, நேரம். சூரியன் உதிக்குமுன்னும் இரவிலும், நாள்தோறும், ஒரு மணி நேரமாவது அதை ஓடவிட யாரால் இயலும்? நீங்கள் ஷிஃப்ட் வேலைக்குச் செல்பவரா? பகல் முழுவதும் தனியே பூட்டப்பட்ட ஹஸ்கி கதவைக் கடிக்கும், மெத்தையைக் கிழிக்கும், ஓநாயைப்போல் ஊளையிடும். அடுத்த வீட்டார் புகாருடன் வருவார்கள்.

இரண்டாவது, இடமும் செலவும். கோடை முழுவதும் ஏசி ஓடவேண்டும். மின்சாரம் நின்றால் மாற்று வழியும் வேண்டும். ரோமம் மூட்டை மூட்டையாய் உதிரும். வாடகை வீட்டின் உரிமையாளர் சம்மதிப்பாரா? அடிக்கடி வீடு மாறும் நாம், அடுத்த வீட்டிலும் அதற்கு இடம் உண்டு என்று சொல்லக்கூடுமா?

மூன்றாவது, நோக்கம். காவலுக்கென்றால் இது உதவாது. அந்நியரையும் வாலாட்டி வரவேற்கும். கயிறு அவிழ்ந்தால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவது அரிது. பூனை, கோழி ஆகியவற்றைத் துரத்தும்.

நான்காவது, காலம். இது 12 முதல் 14 ஆண்டுகள் வாழும். இன்று ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், கல்லூரி முடித்து வேலைக்குச் சென்ற பின்பு, 25 கிலோ எடையுள்ள அந்த நாயின் கயிற்றைப் பிடிப்பது யார்? பெரும்பாலும் தாய்தான். ஆகவே அவர்கள் சம்மதம் இல்லாமல் தீர்மானிக்காதீர்கள்.

குளிர்ந்த மலையூரில் வாழ்பவர், வேலியிட்ட வெளியிடம் உடையவர், தினந்தோறும் ஓடும் பழக்கமுள்ளவர் வாங்கலாம். அவர்களும் தாய் நாயை நேரில் பார்த்து, பரம்பரைக் கண்நோய் உண்டா என்று விசாரித்து வாங்கட்டும். 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது.

ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு

குற்ற உணர்வால் சோர்ந்துபோகாதீர்கள், கவனமாயிருங்கள். பகலில் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். பால்கனியிலோ நிறுத்திய காரிலோ விட்டுவிடாதீர்கள். நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச் சிவந்த ஈறு, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். உடனே குளிர்ந்த நீரால் உடலை நனைத்து, விசிறி விட்டு, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவது?

“வேண்டாம்” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், காரணத்தை விளக்குங்கள். உங்கள் தெருவிலோ விலங்குகள் காப்பகத்திலோ ஒரு நாட்டு நாய்க்குட்டி வீடில்லாமல் இருக்கக்கூடும். குட்டை ரோமமும் நம் வெயிலுக்குப் பழகிய உடலும் உடையது அது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதலானவற்றைப் போட்டு வளர்த்தால், அன்பில் எதற்கும் குறைந்ததல்ல.

அருமையானவர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு, பழகாத மண்ணில் வாழும் பாடு தெரியும். ஆனாலும் நாம் விரும்பி வந்தோம். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஊருக்குப் போகிறோம். அந்த நாய் விரும்பி வரவில்லை. அதற்குத் திரும்பிப்போக ரயிலும் இல்லை. ‘நமக்கு அது வேண்டுமா?’ என்று கேட்பது ஆசை. ‘அதற்கு நாம் போதுமா?’ என்று கேட்பதே அன்பு. இந்த இரண்டாவது கேள்வியை, இன்றிரவு உணவு வேளையில், உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டுப்பாருங்கள்.