ஊசி எவ்வளவு தூரம் போய் வருகிறது?

ஜமுனாமரத்தூர் கோடை விழா ஆகட்டும், ஜவ்வாது மலை அடிவாரத்துப் படவேட்டில் ஆடித் திருவிழா ஆகட்டும், கூட்டம் சேருகிற இடத்தில் பச்சை குத்துகிறவருக்கும் ஓர் ஓரம் கிடைத்துவிடும். தேள், இதயம், வேல் வரைந்த அட்டை முன்னால், பக்கத்தில் பேட்டரி, கையில் கொர்ரென்று இரையும் சின்ன மிஷின். அது ரோட்டரி மிஷின். ஆன்லைனில் பளபளவென்று விற்கிற பேனா வடிவ மிஷினும் அதே இனம்தான். மோட்டார் சுற்றுகிறது. அதன் அச்சிலிருந்து சற்று விலகி ஒரு சின்ன உருளை பொருத்தியிருக்கும். அது சுற்றலை மேலும் கீழுமான குத்தலாக மாற்றுகிறது. தையல் மிஷினைக் கழற்றிப் பார்த்தவருக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை.

1876-ல் எடிசன் ஒரு மின்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்தில் பொடிப்பொடித் துளைகள் போட்டு நகல் எடுப்பதற்கான கருவி அது. அதே வழியில் தோலில் குத்தும் மிஷினுக்கு நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க் குறத்திப் பாட்டிகளுக்கு எந்த மோட்டாரும் தேவைப்படவில்லை. மஞ்சள்பொடியும் அகத்தி இலையும் சேர்த்துத் துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி மை ஆக்கினார்கள். கையாலேயே குத்தினார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றினால் நொடிக்கு 120 குத்து. வேகம்தான் வேறு, மை போய்ச் சேருகிற இடம் அன்றும் இன்றும் ஒன்றே.

முதல் மிஷின் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கேட்பது "எத்தனை ஆர்பிஎம்?" என்றுதான். கேட்க வேண்டியது ஸ்ட்ரோக். ஊசி மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பதே அது. 2.5 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் குத்து மென்மையாக விழும். நிழல் போட நல்லது. 4-க்கு மேல் என்றால் அழுத்தமாக இறங்கும். கோடு இழுக்க ஏற்றது, ஆனால் பழகாத கையில் தோலைக் கிழித்துவிடும். எல்லா வேலையும் ஒரே மிஷினில் பழக வேண்டியவருக்கு 3.5 போதும். ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு முதல் மிஷினிலேயே காசு கொடுக்காதீர்கள். எது சரி, எது தப்பு என்று கைக்குத் தெரியாத காலத்தில் திருகுவதற்கு இன்னொரு திருகு எதற்கு?

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. காற்றோடு மழை வந்தால் கரண்ட் போகும். பெயரின் மூன்றாவது எழுத்தில் மிஷின் நின்றால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் இங்கே வயர்லெஸ் வாங்குவது ஆடம்பரம் இல்லை. மாற்று பேட்டரி ஒன்று சேர்த்தே வாங்குங்கள். பேட்டரி பின்பக்கம் கனக்கும் என்பது உண்மைதான். மணிக்கட்டு ஒரு மாதம் முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும்.

மிஷினில் மிச்சம் பிடிக்கலாம், அதன் முனையில் சொருகும் ஊசிக்கூடான கார்ட்ரிட்ஜில் கூடாது. கார்ட்ரிட்ஜின் உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று இருக்க வேண்டும். ரத்தமும் மையும் பின்னால் ஏறி மிஷினுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். சவ்வில்லாத கார்ட்ரிட்ஜில், ஊசியை மாற்றினாலும் முந்தையவரின் ரத்தம் மிஷினுக்குள் காத்திருக்கும். பின்முனையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஊசி தானாகத் திரும்பி உள்ளே வராவிட்டால் அதை எடுக்காதீர்கள். உறை மேல் 1205 ஆர்எல் என்றிருந்தால், 12 என்பது ஊசியின் தடிமன், அதாவது 0.35 மில்லிமீட்டர், 05 என்பது ஊசிகளின் எண்ணிக்கை, ஆர்எல் என்றால் கோட்டுக்காக வட்டமாக நெருக்கிக் கட்டியது. பழகத் தொடங்க இது நல்ல அளவு. மூன்று ஊசி மெல்லிய கோடு போடும், அதற்கேற்பக் கை நடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும்.

இனி பொருத்துவது. மிஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கையுறை மாட்டிய பிறகே கார்ட்ரிட்ஜைப் பிரிக்க வேண்டும். சொருகித் திருகியதும் க்ளிக் என்று உட்காரும். மிஷினை ஓட்டி, ஊசி நேராகப் போய் வருகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடுகிற ஊசி கோட்டைத் தடிக்க வைக்கும். திருவிழா மிஷின்களின் பெரிய நோய் இதுதான். பிறகு பிடியைத் திருகி, முழுதாக நீளும்போது ஊசி சுமார் 2 மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி வையுங்கள். நன்றாகப் பழகியவர்கள் இன்னும் நீட்டி வைத்துக் கையாலேயே ஆழத்தை அளப்பார்கள். அது பிறகு.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? மேல்தோல் ஒரு தாள் கனம்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். அதில் விட்ட மை அதோடு போய்விடும். அதற்கடியில் உள்ள உள்தோலில், மேலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் மை இறங்கினால், தோலின் காவல் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் செல்கள் சாகும்போது மை வெளியே வரும். அடுத்து வரும் செல்கள் மறுபடி விழுங்கும். பிரான்ஸில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் இதைக் காட்டியது. இன்னும் ஆழமாகக் கொழுப்பில் இறங்கினால், ஈரத்தாளில் பேனா வைத்த மாதிரி மை பரவி, கோட்டைச் சுற்றி நீலநிழல் கட்டிவிடும். குத்துவது கறுப்பு மை, தெரிவது பச்சை என்பதும் ஆழத்தின் வேலைதான்: மைக்கு மேலுள்ள தோல் நீல ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது.

வோல்ட்டை 5-ல் தொடங்கி, வாழைப்பழத் தோலிலோ பழகுவதற்கென விற்கும் செயற்கைத் தோலிலோ ஒரு கோடு இழுங்கள். கோடு புள்ளிபுள்ளியாக விட்டுப் போனால் மிஷினைவிடக் கை வேகமாகப் போகிறது, கொஞ்சம் ஏற்றுங்கள். தோல் நைந்தால் மிஷின் ஓடுகிற ஓட்டத்துக்குக் கை தாமதிக்கிறது. பலருக்கு 7-க்குப் பக்கத்தில் சமன்படும். இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே வைக்காதீர்கள்; ஒவ்வொரு மோட்டாரும் ஒரு விதம்.

மனிதத் தோலுக்கு வரும்முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் ஆகும். பழகவும் அவ்வளவு காலம் வேண்டியதுதான். மையை நீர்க்க வைக்க ஓடைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஆகாது, கிருமி நீக்கி மூடிய பாட்டில் நீர் மட்டும். முன்பு காயம் ஆறிய இடத்தில் தழும்பு மேடு கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் குத்த வேண்டாம்.

ராணுவத்துக்குப் போக நினைக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறிடத்துப் பச்சையை அங்கே ஏற்பதில்லை. பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, ஆனால் அது மரபுப்படி குத்திய பச்சைக்கு. கோடை விழாவில் குத்திய தேள் அதில் சேராது.

வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போகக்கூடாது. மூடி இறுகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா நிறைந்தால் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை, கடை திறக்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.