கொசு பஸ் ஏறாது, காய்ச்சல் ஏறும்!

டி.கல்லுப்பட்டி:

வீடு கல்லுப்பட்டியில். வேலை மதுரையில். இப்படிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏராளம். திருமங்கலம் வழியாகப் பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டர்தான். காலையில் போனால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக் கொள்வோம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ரத்தத்தைச் சோதித்ததில் டெங்கு.

"எந்த ஊருப்பா?" என்று சீட்டு எழுதுகிறவர் கேட்கிறார்.

இந்தச் சின்னக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை நம்பித்தான் ஒரு தெருவே இருக்கிறது!

தப்பான விலாசம்

டெங்கு வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைச் சுகாதாரத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் மறைக்கக் கூடாது.

சீட்டில் எழுதிய விலாசம் எந்த ஊரோ, அந்த ஊருக்குத் தகவல் போகும். அங்கே சுகாதார ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் அந்த வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் போவார்கள். தொட்டி, டிரம், பழைய டயர், ஆட்டுரல், சிரட்டை என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். "வேறு யாருக்கும் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பார்கள்.

நம் வாலிபரோ, "எதுக்கு வம்பு" என்று கடைக்காரர் கொடுத்த ரூம் விலாசத்தைச் சொல்லிவிடுகிறார். ஆட்கள் கீழமாசி வீதியைச் சலித்து எடுக்கிறார்கள். கல்லுப்பட்டி வீட்டுச் சிமெண்டுத் தொட்டியைப் பார்க்க ஆளில்லை. அதில் கொசுப்புழு நெளிந்து கொண்டிருக்கிறது. சில வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல்!

டெங்குக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. அது மதுரையிலிருந்து கல்லுப்பட்டிக்கு வரவே முடியாது. காய்ச்சலோடு பஸ் ஏறி வருகிறவரைத்தான் உள்ளூர்க் கொசு கடிக்கிறது. சுமார் 8 முதல் 12 நாளில் அந்தக் கொசு நோயைப் பரப்பத் தயாராகி விடுகிறது.

ஒரு மாவட்டம், பல வாசல்!

"அந்த இலாகா ஆளு யாரு, எங்கே இருக்காரு?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. காரணம் இல்லாமல் இல்லை.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். அங்கே சுகாதாரப் பொறுப்பு நகர்நல அலுவலருக்கு. டி.கல்லுப்பட்டி பேரூராட்சி. குப்பையும் குடிதண்ணீரும் பேரூராட்சி ஆபீஸ் வேலை. சுற்றுக் கிராமங்களில் அதை ஊராட்சி பார்க்கும். தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு, கர்ப்பிணிப் பெண்கள் கவனிப்பு ஆகியவை பொதுச் சுகாதாரத் துறையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார நர்சு, 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி.

ஓட்டல் பண்டத்தைச் சோதிப்பதும் ஒரு காலத்தில் உள்ளாட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைதான். 2011 ஆகஸ்டில் புதுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்விட்டது.

இப்படி மதுரை மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, 13 ஒன்றியங்கள், நடுவில் நகராட்சிகள், பேரூராட்சிகள். காய்ச்சலுக்கு இந்த எல்லைக் கல் எதுவும் தெரியாது.

கொரோனா காலத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு 2020 மார்ச் 25-ல் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 24-ல் மதுரையில் முழு ஊரடங்கு வந்தது. மாநகராட்சியோடு நிறுத்தவில்லை. பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களையும் சேர்த்தே பூட்டினார்கள்!

அதே ரோட்டில் ஒரு பாடம்

கல்லுப்பட்டி வழியாகப் போகும் கொல்லம் ரோட்டில் ராஜபாளையம் தாண்டினால் கடையநல்லூர். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

2012-ல் அந்த ஊரை டெங்கு உலுக்கி எடுத்தது. தண்ணீர் வராத நாளுக்காக வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்த நல்ல தண்ணீரே கொசுவுக்குத் தொட்டிலானது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு. 66 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. 2017-ல் 23,294 பேர். 65 பேர் சாவு.

சாக்கடையில் வளரும் கொசு இதுவல்ல. தெளிந்த தண்ணீரில் வளருவது. ராத்திரி அல்ல, பகலில் கடிப்பது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

"புகை அடிச்சாத்தான் வேலை நடக்குது" என்பார்கள். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் நெளியும் புழு அடுத்த வாரம் கொசுவாகிப் பறக்கும்.

அம்மை குத்தின கை

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை தோன்றியது 1922-ல். 1939-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. தொற்று நோயை அறிவிப்பது, குடிதண்ணீர், கொசு, விடுதிகள், திருவிழாக் கூட்டம் எல்லாம் அதில் உண்டு. கொசு வளர விட்ட கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் இன்றைக்கும் நோட்டீசும் அபராதமும் போவது இந்தச் சட்டப்படிதான்.

அந்தக் காலத்தில் அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகள் குதிருக்குப் பின்னால் ஒளியும். இன்று பெரியம்மையே உலகத்தில் இல்லை. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 1977-ல் அறிவிக்கப்பட்டது. காலிலிருந்து நூலாய் வெளிவரும் நரம்புச் சிலந்தி தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களை வாட்டியது. 2000-ல் அதுவும் ஒழிந்தது. இளம்பிள்ளை வாதம் இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது.

ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்த டாக்டருக்கு மாலை விழும். வராமல் போன நோய்க்கு யார் மாலை போடுவார்கள்?

வேப்பிலை கட்டினால் போதுமா?

மதுரை பல சனம் கலந்த ஊர். தமிழர், சௌராஷ்டிரர், வடக்கத்தி வியாபாரிகள், கட்டட வேலைக்கு வந்த இந்திக்காரர்கள், தினமும் வந்து போகும் யாத்ரீகர்கள். சித்திரைத் திருவிழா என்றால் லட்சக்கணக்கில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே நோட்டீசை ஒட்டிவிட்டால் வேலை முடியாது. அவரவர் பேச்சில், அவரவர் நம்பும் ஆளைக் கொண்டு சொல்ல வேண்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியால் படித்தவர்களே பயந்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது.

கிராமத்தில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை கட்டுகிறார்கள். ஊருக்கே தகவல் தெரிந்துவிடும். நர்சுக்கு மட்டும் தெரியாது! ஆத்தாளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. தட்டம்மையா, சின்னம்மையா என்று பார்த்து அடுத்த பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவர் கேட்கிறார்.

காந்தி நிகேதன் ஆசிரமம் 1940-ல் தோன்றி, ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் தங்கியிருந்த ஊர் டி.கல்லுப்பட்டி. கிராமத் துப்புரவு இந்த ஊருக்குப் புதுப் பாடம் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

* ஆஸ்பத்திரியில் சொந்த வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கள். வேலை பார்க்கும் இடம், ரூம், கடந்த இரண்டு வாரத்தில் தங்கிய ஊர் இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

* காய்ச்சலோடு கடைக்கோ ஆபீசுக்கோ போகாதீர்கள். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் பகலிலும் கொசு வலைக்குள் படுங்கள்.

* தொட்டி, டிரம்மை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். கடைக்காரர்கள் மொட்டை மாடியையும் பழைய டயரையும் பாருங்கள்.

* தெருக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று கேளுங்கள். சுகாதார ஆய்வாளர் இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. வராவிட்டால் பேரூராட்சியில் சொல்லுங்கள்.

* கையில் டார்ச் லைட்டோடு ஒருவர் வந்து, "தொட்டியைப் பாக்கணும்மா" என்றால் "வீட்ல ஆள் இல்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள். சொற்பச் சம்பளத்துக்கு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் அவர். உங்கள் தொட்டியைப் பார்க்காமல் அவர் போய்விட்டால், காய்ச்சல் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.